என்பிடெல் சான்றிதழ்: 1,000 ரூபாய் கட்டும் முன்

ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் இணையவழிப் பாடத்திட்டம்தான் என்பிடெல் (NPTEL). வீடியோ, அசைன்மென்ட் எல்லாம் இலவசம். தேர்வுக்குத்தான் 1,000 ரூபாய். 12 வாரப் பாடமென்றால், சிறந்த 8 அசைன்மென்ட்களின் சராசரிக்கு 25 மதிப்பெண், மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு 75. பலர் சறுக்குவது இங்கேதான்: 25-க்கு 10, 75-க்கு 30 என இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும். தேர்வில் 70 வாங்கி, அசைன்மென்டில் 9-இல் நின்றால் சான்றிதழ் கிடையாது. கடைசி வாரங்களில் ஈடுகட்டலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். கெடு தாண்டினால் அந்த வாரம் பூஜ்யம்தான்.

பாடங்களின் தரம் ஒரே சீராக இல்லை. பேராசிரியர் மாதவன் முகுந்தின் பைத்தான் நிரலாக்கப் பாடம் அருமை. சிலவற்றில் ஸ்லைடை அப்படியே வாசிக்கிறார்கள். முதல் வார வீடியோக்களைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இந்தச் சான்றிதழைப் பட்டப்படிப்புக்கான கிரெடிட்டாக (பாடக் கணக்கில்) ஏற்பது கல்லூரியின் முடிவு. முன்பே துறையில் கேட்டுவிடுங்கள்.