ஆறின கஞ்சியா, அடுத்த நாள் மீன்கறியா?

இங்கிலாந்து உதைபந்தாட்டக் கழகமான செல்சி தொடர்ந்து இரண்டு ஆட்டம் தோற்றால் போதும், மட்டக்களப்புக் கல்லடியில் நாங்கள் குந்தும் தேத்தண்ணிக் கடை வாங்கில் அதன் பழைய பயிற்றுவிப்பாளர் மொரீனியோவின் பெயர் வந்துவிடும். மச்சானுக்கு அவர்தான் தெய்வம். "நேற்று வைத்த மீன்கறிக்கு இன்றைக்குத்தான் ருசி, கூப்பிடட்டும்" என்பான். அவனுடைய மகனுக்கு 20 வயது. "ஆறின கஞ்சி பழங்கஞ்சி மாமா, புது ஆளைப் பார்க்கட்டும்" என்று என்னிடம் முறையிடுவான். நடுவில் பிளேன்டீயோடு நான்.

மச்சான் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. 2004-05 பருவத்தில் மொரீனியோ 95 புள்ளிகளோடு பிரீமியர் லீக்கை வென்றார். 38 ஆட்டங்களில் செல்சி வாங்கிய கோல்கள் 15தான். 2007இல் போனவர் 2013இல் திரும்பி வந்தார். முதல் பருவத்தில் கிண்ணம் ஒன்றும் இல்லை. அடுத்ததில் லீக்கும் லீக் கிண்ணமும். மச்சான் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடுவான். மறுகா என்ன நடந்தது என்று கேட்டால் தேத்தண்ணியை ஆற்றத் தொடங்குவான். 2015 டிசெம்பரில் அவரை நீக்கியபோது நடப்புச் சம்பியன் 16ஆம் இடத்தில், 16 ஆட்டங்களில் 9 தோல்வியோடு கிடந்தது. அந்த லீக் வெற்றிகூட, 2014 கோடையில் வாங்கிய டியேகோ கொஸ்டாவும் ஃபப்ரிகாஸும் இல்லாமல் வந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

மருமகன் லிவர்பூலின் பயிற்றுவிப்பாளராக இருந்த குளொப்பைக் காட்டுவான். லிவர்பூல் இரண்டு வழியையும் பார்த்த கழகம். பயிற்றுவிப்பாளராக மூன்று லீக் வென்று கொடுத்த டல்கிளிஷ் 20 வருடம் கழித்து 2011இல் திரும்பினார். 2012இல் ஒரு லீக் கிண்ணம், லீக்கில் எட்டாம் இடம், அதோடு சரி. 2015இல் வெளியிலிருந்து வந்த குளொப் ஐரோப்பியக் கழகங்களுக்கான சம்பியன்ஸ் லீக்கும், 99 புள்ளிகளோடு பிரீமியர் லீக்கும் எடுத்தார். ஆனால் புது ஆளுக்குப் பொறுமை வேண்டும். ஆர்டெட்டாவின் ஆர்சனல் அடுத்தடுத்து இரண்டு பருவம் எட்டாம் இடம். ஒரு தோல்விக்கே வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேறுகிற மருமகன் அதைத் தாங்குவானா?

எனக்கு ஸ்பெயினின் ரியல் மட்ரிட்தான் சரியான பாடம். பயிற்றுவிப்பாளர் சிடான் 2018 மே மாதம் மூன்றாவது சம்பியன்ஸ் லீக்கை வென்ற கையோடு விலகி, 2019 மார்ச்சில் திரும்பினார். ரொனால்டோ போயிருந்தார், மற்றபடி பெரும்பாலும் அதே ஆட்கள். ஒரு லீக் கிடைத்தது, கடைசிப் பருவத்தில் வெறுங்கை. அவருக்கு முன்பு அங்கே பயிற்றுவித்த அன்செலோட்டியோ 2015இல் நீக்கப்பட்டு, பயர்ன், நாப்போலி, எவர்ட்டன் என்று சுற்றி 2021இல் வந்தார். மொட்ரிச், குரூஸ், பென்சமா எல்லாம் அவர் காலத்து ஆட்கள். வினிசியுஸ் அவர் இல்லாத காலத்தில் வந்த பொடியன். 2022 பாரிஸ் சம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் 36 நிமிடம் தாமதித்ததால் எங்களுக்கு அதிகாலை ஒரு மணி தாண்டித்தான் தொடங்கியது. வினிசியுஸ் கோல் போட்டபோது நித்திரை பறந்துவிட்டது. அந்த வருடமும் 2024இலும் லீக்கும் சம்பியன்ஸ் லீக்கும் சேர்ந்தே வந்தன.

அன்செலோட்டி வென்றதற்கு இடைவெளி மட்டும் காரணம் என்றால் டல்கிளிஷும் வென்றிருக்க வேண்டும். அன்செலோட்டி அந்த ஆறு வருடத்தில் பெரும்பாலும் அடுப்படியிலேயே நின்றார். அதோடு, போகும்போது யாரையும் பகைத்துக்கொள்ளவில்லை. அவரோடு தொடர்ந்து வேலை செய்ய விருப்பம் என்று ரொனால்டோ வெளிப்படையாகவே சொன்னார். மொரீனியோ செல்சியில் கடைசி ஆட்டம் முடிந்ததும் சொன்னது, தன் வேலைக்குத் துரோகம் நடந்துவிட்டது என்று. அதனால் என் வாக்கு மருமகனுக்கு.

"அதெல்லாம் வேற மச்சான், இது செல்சி, பழைய ஆள் வந்தாத்தான் சரிவரும்" என்றான் மச்சான்.

"2023இல செல்சிக்குப் பழைய பயிற்றுவிப்பாளர் லம்பார்ட் திரும்பி வந்தாரே, 11 ஆட்டத்தில ஒரு வெற்றி" என்றான் மருமகன்.

தேத்தண்ணிக் காசை மச்சான்தான் கொடுத்தான்.