மாதவரத்தில் ஸ்ப்ரேயருக்கு சென்சாரும் வால்வும் மாட்டிய கதை

பஞ்செட்டியில் எங்களுக்கு ஆறு ஏக்கர் வேர்க்கடலை. மருந்து அடிக்க டிராக்டரில் மாட்டுகிற 500 லிட்டர் டேங்க், பக்கவாட்டில் விரிகிற 12 மீட்டர் பூம், அதில் மருந்தைத் தெளிக்கிற 24 நாசில், எச்.டி.பி என்கிற பிஸ்டன் பம்ப். ஓட்டுவது டிரைவர் தம்பி. மருந்து கலப்பதும் கணக்கு வைப்பதும் நான்.

போன வருஷம் களைக்கொல்லி அடித்த பத்தாம் நாள், வண்டி திரும்புகிற இரண்டு தலைமாட்டிலும் செடி மஞ்சளடித்துக் குறுகி நின்றது. நடு வயலில் பச்சையாகத்தான் இருந்தது. பம்ப் ஒரே அளவில் தள்ளிக்கொண்டிருக்க, வண்டி திரும்பும்போது மட்டும் வேகம் குறைகிறது. மணிக்கு 6 கிலோமீட்டரில் ஏக்கருக்கு 65 லிட்டர் விழுந்தால், 4 கிலோமீட்டரில் 97 லிட்டர் விழும். தப்பு தம்பியுடையது இல்லை. வேகத்தைப் பார்த்து மருந்தைக் குறைக்க அந்த வண்டியில் ஒன்றுமே இல்லை.

முதலில் வேறு ஒருவரிடம் கொடுத்தோம். வேகத்தைப் பார்த்து மருந்தின் அளவை மாற்றுகிற கண்ட்ரோலர், ஓடுகிற தண்ணீரை அளக்கிற ஃப்ளோ மீட்டர், கண்ட்ரோலர் சொல்கிறபடி திறந்து மூடுகிற மோட்டார் வால்வு எல்லாம் மாட்டினார். இரண்டாம் நாள் வயலில் ஹோஸ் வெடித்து, மருந்துத் தண்ணீர் தம்பியின் தோளில் கொட்டியது. உடனே சட்டையைக் கழற்றி, பம்ப்செட் தண்ணீரில் சோப்புப் போட்டு அரை மணி நேரம் கழுவினோம். தோல் சிவந்ததோடு போயிற்று. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது.

அதற்குப் பிறகு போனதுதான் இந்தப் பட்டறை. மாதவரம் பால்பண்ணைப் பக்கம், லாரி ஷெட்டுகளுக்கு நடுவே, போர்டு இல்லாத தகரக் கொட்டகை. பட்டறைக்கார அண்ணன் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "யம்மா, இத்த யாரு மாட்டுனது? வால்வ டெலிவரி லைன்ல வச்சிக்கிறான். ரிலீஃபையும் இறுக்கி வச்சிக்கிறான்."

டெலிவரி லைன் என்பது நாசிலுக்குப் போகிற குழாய், ரிலீஃப் என்பது பிரஷர் மிஞ்சினால் தண்ணீரை விடுவிக்கிற வால்வு, பைபாஸ் என்பது மிச்சத் தண்ணீர் டேங்குக்கே திரும்புகிற குழாய். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "பிஸ்டன் பம்ப்பு தண்ணிய தள்ளிக்கினே இருக்கும்மா. முன்னாடி வாய மூடுனா எங்கனா பிச்சிக்கினுதான் வரும். இந்த வால்வு பைபாஸ்ல இருக்கணும். பிரஷர் ஏறணும்னா பைபாஸ மூடு, எறங்கணும்னா தொற." வால்வை இடம் மாற்றினால் மட்டும் போதாதாம். கண்ட்ரோலரிலும் வால்வு பைபாஸில் இருக்கிறது என்று மாற்றி வைக்க வேண்டும். மாற்றாமல் ஓட்டியே காட்டினார். மருந்து குறைகிறது என்று கண்ட்ரோலர் வால்வைத் திறக்கிறது, பிரஷர் இன்னும் இறங்குகிறது, அது இன்னும் திறக்கிறது. மாற்றிய பிறகு பிரஷர் கேஜ் முள் 3 பாரில் வந்து நின்றது.

ஒரு சென்சாரைத் தொடும் முன்பே அரை நாள் நாசில்களுக்குப் போனது. நாசிலின் அளவை அதன் நிறம் சொல்லும், எங்களுடையது மஞ்சள் நாசில். 3 பாரில் நிமிஷத்துக்கு 800 மில்லி வர வேண்டும். அண்ணன் கடிகாரத்தைப் பார்க்க, ஒவ்வொன்றின் கீழும் அளவு ஜாடி பிடித்து நின்றது நான். ஏழு நாசில் 880ஐத் தாண்டிவிட்டது. பத்து சதவீதத்துக்கு மேல் போனால் தேய்ந்த நாசில், தூக்கிப் போடு என்றார். பாரிமுனைக்கு ஆள் அனுப்பிப் புது நாசில் வந்த பிறகுதான் மேற்கொண்டு வேலை. தேய்ந்த நாசில் இருக்கிற பூமில் எவ்வளவு விலை உயர்ந்த சென்சாரும் மொத்தக் கணக்கைத்தான் சரியாகக் காட்டும். எந்தச் செடிக்குக் கூடுதல், எந்தச் செடிக்குக் குறைவு என்று அதற்குத் தெரியாது. இந்தப் பட்டறையை நான் நம்பியது அந்த ஜாடியைப் பார்த்துத்தான்.

ஃப்ளோ மீட்டரைத் திறந்து காட்டினார். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சின்னச் சக்கரம், இறக்கைகளில் காந்தம். தண்ணீர் தள்ள அது சுற்றும், சுற்றும் எண்ணிக்கையை வெளியே இருக்கும் சென்சார் எடுத்துக்கொள்ளும். பழைய ஆள் இதை வளைவை ஒட்டி வைத்திருந்தார். அண்ணன் ஹோஸைத் திருப்பி, மீட்டருக்கு முன்னால் நேர் குழாயும் அதற்கும் முன்னால் ஃபில்டரும் வருகிற மாதிரி செய்தார். சக்கரத்தில் பவுடர் மருந்து அடைத்தால் தண்ணீரில் கழுவு, கம்ப்ரஸர் காற்று அடிக்காதே, கண்மண் தெரியாமல் சுற்றித் தேய்ந்துவிடும் என்றார். வாயால் ஊதவே கூடாது என்று தம்பியிடம் இரண்டு முறை சொன்னார்.

பிறகு 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் பிடித்தோம். கண்ட்ரோலர் 212 காட்டியது. ஒரு லிட்டருக்கு மீட்டர் தருகிற துடிப்பு 650 என்று கண்ட்ரோலரில் இருந்த எண்ணை 689 ஆக்கினார். மறுபடி பிடித்தோம், 200. வேகத்துக்குப் பின்சக்கர போல்ட்டுகளை எண்ணுகிற சென்சார். போல்ட்டுக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து 3 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தார். தெருவில் டேப் பிடித்து 100 மீட்டர் ஓட்டிச் சரிபார்த்தோம்.

இன்னொன்றும் ஒளிக்காமல் சொன்னார். கண்ட்ரோலர் இருக்கிறதென்று கண்டபடி ஓட்டக் கூடாது. மருந்து இரண்டு மடங்கு வெளியே வர பிரஷர் நான்கு மடங்கு வேண்டும். 8 கிலோமீட்டரில் ஓட்டினால் 5 பாரைத் தாண்டும், மருந்து புகையாகிப் பக்கத்து வயலுக்குப் போகும். ரொம்ப மெதுவாகப் போனால் பிரஷர் இறங்கி, நாசிலிலிருந்து விரிகிற மருந்து விசிறி சுருங்கி, நாசில்களுக்கு நடுவில் மருந்து படாத கோடு விழும்.

குறைகளும் உண்டு. மூன்று நாள் என்றார், எட்டு நாள் ஆனது. விதைத்த கடலையை வைத்துக்கொண்டு எட்டு நாள் என்பது சின்ன விஷயம் இல்லை. பூம் மடிகிற மூட்டில் ஒயரை இழுத்துக் கட்டிவிட்டார். இரண்டு தரம் மடித்து விரித்ததும், பூமின் ஒரு பகுதிக்கு மருந்தைத் திறந்து மூடுகிற மூன்றாவது செக்‌ஷன் வால்வு செத்தது. போன் செய்தேன், ஞாயிற்றுக்கிழமை பஞ்செட்டிக்கே வந்து ஒயருக்குத் தளர்வு விட்டுக் கிளிப் போட்டார், காசு வாங்கவில்லை. பில் கேட்டால் தருகிறார். ஒயரிங் படத்தை இரண்டு முறை கேட்டபின் நோட்டுத்தாளில் வரைந்து கொடுத்தார். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கூலி 14,500. பழைய கண்ட்ரோலரும் வால்வுகளும் நல்ல நிலையில் இருந்ததால் அவற்றையே பயன்படுத்தினார், புதிது வாங்கு என்று தள்ளவில்லை.

இந்த முறை ஆறு ஏக்கருக்கும் ஒரே மூச்சில் அடித்தோம். கணக்குப்படி 390 லிட்டர், செலவானது 396. பதினைந்தாம் நாள் தலைமாட்டில் போய் உட்கார்ந்து பார்த்தேன். நடு வயல் செடியும் இதுவும் ஒரே பச்சை.

போகிறவர்கள் ஸ்ப்ரேயரை மட்டும் வேனில் ஏற்றிப் போகாதீர்கள். சக்கரத்தில் சென்சார் வைக்க டிராக்டரும் வேண்டும். புழல் தாண்டினால் கண்டெய்னர் லாரி கூட்டம், விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள். டேங்கையும் குழாயையும் மூன்று தண்ணீர் விட்டுக் கழுவிக் கொண்டு போங்கள். மருந்து வாடை அடித்தால் அண்ணன் கை வைக்க மாட்டார்.