தண்டர்பேர்டில் 18 ஆண்டு மெயில்: காப்பு எடுத்ததும் திறந்து பார்த்ததும்

மாதம் தவறாமல் எடுத்து வைத்த மெயில் காப்பை, அதாவது பேக்கப்பை, முதன்முறையாக 2016-ல்தான் திறந்து பார்த்தேன். பல ஆண்டுகள் நான் பயன்படுத்திய ஒரு மெயில் சேவை, நிறுத்தப்போகிறோம் என்று அறிவித்து, சொன்ன தேதியில் நிறுத்தியும் விட்டது. காப்புதான் கையில் இருக்கிறதே என்று கடைசி வாரங்களில் நான் எதுவும் செய்யவில்லை. புதிய கணினியில் காப்பை வைத்து, தண்டர்பேர்ட் என்ற என் மெயில் நிரலைத் திறந்ததும் பட்டியல் முழுவதும் வந்தது. அனுப்பியவர், தேதி, தலைப்பு எல்லாம் இருந்தன. ஒரு மெயிலைத் திறந்தால் உள்ளே ஓர் எழுத்துகூட இல்லை. கடைசி 90 நாள்களுக்குள் வந்தவை மட்டும் முழுதாக இருந்தன.

அப்பா எழுதிய மெயில்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. அவர் இறந்து அப்போது இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. 'நீ கேட்டதற்குப் பதில்', 'ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்' என்று தலைப்பு வரிகள் வரிசையாகத் தெரிந்தன. என்ன பதில், எதைச் சொல்ல மறந்தார் என்பது இல்லை.

நடந்தது இதுதான். தண்டர்பேர்டை 2006 முதல் பயன்படுத்துகிறேன். முதலில் பாப் முறையில், அதாவது மெயில் சர்வரிலிருந்து இறங்கி என் கணினியிலேயே தங்கும் முறையில் வைத்திருந்தேன். அப்புறம் கைபேசியிலும் அதே மெயிலைப் பார்க்க வேண்டியிருந்ததால் ஐமேப்புக்கு மாறி, பழையதையும் சர்வருக்கே ஏற்றிவிட்டேன். ஐமேப்பில் மெயில் இருக்கும் இடம் சர்வர். கணினியில் இருப்பது அதன் பிரதி. அந்தப் பிரதி எவ்வளவு ஆழமானது என்பது ஓர் அமைப்பைப் பொறுத்தது. அக்கவுண்ட் செட்டிங்ஸில் ஒத்திசைவு, சேமிப்பிடம் பற்றிய பக்கம் ஒன்று உண்டு. எல்லா மெயிலையும் கணினியில் வைத்துக்கொள், இத்தனை நாளுக்குள் வந்ததை மட்டும் வைத்துக்கொள், இந்த அளவுக்கு மேல் பெரிதான மெயிலை இறக்காதே என்றெல்லாம் அங்கே சொல்லலாம். பழைய மடிக்கணினியில் இடம் குறைவு என்று நான் 90 நாள் என வைத்திருந்தேன். அதை மறந்தே போனேன். நான் காப்பெடுத்த ஃபோல்டரில் முழு மெயில் இல்லை, தலைப்புகளின் பட்டியல்தான் இருந்தது.

அளவைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். சர்வரில் 6 ஜிபி இருந்தது. என் காப்பு 700 எம்பி. இதை மட்டும் யாரிடமும் சொல்லாமல் நான் விடுவதில்லை: சர்வர் காட்டும் அளவையும் உங்கள் காப்பின் அளவையும் இன்றே ஒப்பிட்டுப் பாருங்கள். டெலீட் ஆகியும் இன்னும் நீங்காத மெயில்களால் காப்பு கொஞ்சம் பெரிதாகவே இருக்கலாம். மிகச் சிறிதாக இருந்தால் நிச்சயம் ஏதோ விடுபட்டிருக்கிறது.

அப்பாவின் மெயில்கள் வேறு வழியில் திரும்பி வந்தன. அவருடைய பழைய மடிக்கணினியில் நான்தான் தண்டர்பேர்ட் போட்டுக் கொடுத்திருந்தேன், அதுவும் பாப் முறையில். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி, தண்டர்பேர்ட் தன் மெயில், அமைப்புகள் எல்லாவற்றையும் வைத்திருக்கும் ப்ரொஃபைல் ஃபோல்டருக்குள் தேடினால், அவர் அனுப்பிய மெயில் எல்லாம் 'சென்ட்' என்ற பெயரில் ஒரே கோப்பாக இருந்தது. எனக்கு எழுதியவை மட்டும் 212. கோப்பின் பெயரை மாற்றி என் ப்ரொஃபைலில் லோக்கல் ஃபோல்டர்ஸ் என்ற, சர்வரோடு தொடர்பில்லாத இடத்தில் போட்டேன், தண்டர்பேர்டைத் திறந்தேன், அவ்வளவுதான். இம்போர்ட் எதுவும் தேவைப்படவில்லை.

இது இவ்வளவு எளிதாக நடந்ததற்குக் காரணம் எம்பாக்ஸ் என்கிற பழைய கோப்பு வகை. யூனிக்ஸ் காலத்திலிருந்து வருவது. ஒரு ஃபோல்டரின் மெயில்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே உரைக்கோப்பில் எழுதப்பட்டிருக்கும். தண்டர்பேர்டின் ப்ரொஃபைலில் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் பின்னொட்டு இல்லாத ஒரு கோப்பு, அதன் பக்கத்தில் எம்எஸ்எஃப் என்று முடியும் ஒரு சிறு கோப்பு என இரண்டிரண்டாக இருக்கும். முதலாவதுதான் மெயில். இரண்டாவது வெறும் அட்டவணை. தொலைந்தால் தண்டர்பேர்ட் அதைத் திரும்ப உருவாக்கிக்கொள்ளும். என் 2016 காப்பில் தலைப்புகள் தெரிந்தது இந்த அட்டவணையால்தான். பழைய மெயில்கள் பெரிய கோப்பில் இல்லாவிட்டாலும் சிறிய கோப்பில் அவற்றின் தலைப்புகள் இருந்தன.

தமிழில் பெயர் வைத்த ஐமேப் ஃபோல்டர்கள் டிஸ்கில் தமிழில் தெரியாது. புரியாத ஆங்கில எழுத்துக் கோவையாகத்தான் தெரியும். ஏதோ கெட்டுப்போன கோப்பு என்று நினைத்து ஒருமுறை அழிக்கப் பார்த்தேன். ஐமேப் தன் ஃபோல்டர் பெயர்களை அப்படி ஒரு குறியீட்டில் எழுதுகிறது, அவ்வளவுதான். கை வைக்காதீர்கள்.

அப்பாவின் தொடக்க கால மெயில்கள் சில திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டில் எழுதப்பட்டவை. யூனிகோடு எல்லோரிடமும் போய்ச் சேராத காலம் அது. திறந்தால் குப்பை எழுத்துகளாக இருந்தன. ஆனால் எம்பாக்ஸ் எதையும் மாற்றாமல் வந்தபடியே வைத்திருந்ததால், உரையை எடுத்து எழுத்துரு மாற்றியில் போட்டதும் அப்படியே தமிழாக வந்தது. காப்பு எடுக்கும்போது 'வசதியான' வேறு வடிவத்துக்கு மாற்றி வைப்பதை நான் அறவே விட்டுவிட்டதற்கு இது ஒரு காரணம். மூலம் மூலமாகவே இருக்கட்டும், மாற்றிய பிரதி தேவையென்றால் தனியாக எடுத்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு என் முறை முழுவதுமாக மாறியது. ஐமேப் கணக்குகள் எல்லாவற்றிலும் முழு ஒத்திசைவு வைத்தேன். அதோடு நிறுத்தவில்லை. சர்வரில் ஒரு மெயில் அழிந்தால், யார் அழித்தாலும், அடுத்த ஒத்திசைவில் கணினியிலும் போய்விடும். அதனால் ஆண்டு முடிந்ததும் அந்த ஆண்டு மெயிலை லோக்கல் ஃபோல்டர்ஸுக்கு நகல் எடுத்துவிடுகிறேன். தண்டர்பேர்டின் ஆர்க்கைவ் வசதியை ஆண்டுவாரியாகப் பிரிக்கும்படி அமைக்கலாம், சேரும் இடமாக லோக்கல் ஃபோல்டர்ஸையே கொடுக்கவும் செய்யலாம். ஆனால் அது சர்வரிலிருந்து நகர்த்திவிடும். கைபேசியிலும் பழையது வேண்டும் என்பவர்கள் என்னைப்போலக் கையால் நகல் எடுப்பதே நல்லது.

சர்வரிலும் அதேபோல ஆண்டுவாரியாகப் பிரித்ததில் நான் எதிர்பாராத இன்னொரு பயன் கிடைத்தது. முன்பு என் இன்னொரு கணக்கின் இன்பாக்ஸ் ஒரே கோப்பாக 5 ஜிபிக்கு மேல் இருந்தது. ஒரு புது மெயில் வந்தாலும் அந்தக் கோப்பு மாறியதாகக் கணக்கு, மாறிய கோப்பை மட்டும் நகலெடுக்கும் நிரல்கூட 5 ஜிபியையும் மறுபடி நகலெடுக்கும். இப்போது 2009-க்கு ஒரு கோப்பு, 2010-க்கு ஒரு கோப்பு. அவை மாறுவதே இல்லை. தினசரிக் காப்பு சில நொடிகளில் முடிகிறது. மெயிலுக்கு ஒரு கோப்பு என்று வைக்கும் மெயில்டிர் முறையும் தண்டர்பேர்டில் உண்டு, முயன்று பார்த்தேன். லட்சக்கணக்கான சிறு கோப்புகளை வெளி டிஸ்குக்கு நகலெடுக்க ஆகும் நேரம் எனக்குப் பொறுக்கவில்லை. எம்பாக்ஸுக்கே திரும்பிவிட்டேன்.

காப்பெடுக்கும் முன் காம்பேக்ட் செய்வதும் வழக்கமாகிவிட்டது. எம்பாக்ஸில் டெலீட் செய்த மெயில் உடனே கோப்பைவிட்டுப் போகாது, அழிக்கப்பட்டதாகக் குறி மட்டும் விழும். காம்பேக்ட் செய்யும்போதுதான் உண்மையில் நீங்கும். தவறுதலாக எதையாவது அழித்திருந்தால் காம்பேக்ட் செய்யும் முன்பே கோப்பை நகலெடுத்துவிடுங்கள், அதற்குள் மெயில் இன்னும் இருக்கும்.

2019-ல் காம்பேக்ட் ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. நடப்பு ஆண்டின் கோப்பு பாதியில் அறுந்தது. நான் கவனிக்கவில்லை. அன்றிரவு ஓடிய தானியங்கிக் காப்பு, அறுந்த கோப்பை நல்ல கோப்பின் மேலேயே எழுதிவிட்டது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதுதான் நான் அதற்குக் கொடுத்த கட்டளை; அது சரியாகவே செய்தது. மாதத் தொடக்கத்தில் தனியாக எடுத்து வைத்த ஒரு நகல் இருந்ததால் மூன்று வார மெயிலோடு போயிற்று, அவையும் சர்வரிலிருந்து திரும்ப இறங்கின. அன்றிலிருந்து ஒன்றின்மேல் ஒன்று எழுதுவதில்லை. இன்று எடுத்தது, போன வாரத்தது, போன மாதத்தது என மூன்று தலைமுறை எப்போதும் தனித்தனியாக இருக்கின்றன. அவற்றில் ஒன்று கணினியோடு இணைக்கப்படாத டிஸ்கில், வேறொரு வீட்டில் இருக்கிறது.

நகலெடுக்கும் முன் தண்டர்பேர்டை மூடிவிடுங்கள். முகவரிப் புத்தகமும் நாட்காட்டியும் எஸ்கியூலைட் என்ற தரவுத்தள வகைக் கோப்புகள். எழுதிக்கொண்டிருக்கும்போது நகலெடுத்தால் அரைகுறையாக வரலாம். கடவுச்சொற்கள் இரண்டு கோப்புகளில் பிரிந்து இருக்கின்றன, பூட்டு ஒன்றில், சாவி ஒன்றில். ஒன்றை மட்டும் எடுத்தால் பயனில்லை. ஃபில்டர் விதிகளும் அக்கவுண்ட் அமைப்புகளும் வேறு வேறு கோப்புகள். அதனால் நான் எதையும் பொறுக்கி எடுப்பதில்லை, ப்ரொஃபைல் ஃபோல்டரை முழுதாக எடுத்துவிடுகிறேன். டூல்ஸ் மெனுவில் எக்ஸ்போர்ட் என்று ஒன்று இருக்கிறது, ப்ரொஃபைலை ஜிப் கோப்பாகக் கட்டித் தரும். 2 ஜிபிக்குள் இருப்பவர்களுக்கு அதுவே போதும். அதற்கு மேல் போனால் ஃபோல்டரைக் கையால் நகலெடுக்க வேண்டியதுதான். வெளி டிஸ்க் பழைய ஃபேட்32 வகையாக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு அதில் ஏறாது, அதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

மெயில் காப்பு என்பது ஒருவருடைய வாழ்க்கை முழுவதும் அடங்கிய பொட்டலம். வங்கி, மருத்துவம், வேலை, குடும்பம் எல்லாம் அதில் இருக்கும், போதாததற்குக் கடவுச்சொற்களும். எம்பாக்ஸ் வெறும் உரை, கையில் கிடைத்தவர் எவரும் படிக்கலாம். என் வெளி டிஸ்குகள் எல்லாமே வெராகிரிப்ட் என்ற குறியாக்க நிரலால் பூட்டப்பட்டவை. அதன் கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி அக்காவிடம் கொடுத்திருக்கிறேன்.

அவுட்லுக் பயன்படுத்துவோருக்கு என் அலுவலக அனுபவத்திலிருந்து ஒன்று மட்டும். அங்கே பிஎஸ்டி, ஓஎஸ்டி என இரு வகைக் கோப்புகள். பிஎஸ்டியை மூடிவிட்டு நகலெடுத்தால் அதுவே காப்பு. ஓஎஸ்டி என்பது சர்வரின் பிரதி, அது அந்தக் கணக்கோடு கட்டுண்டது. வேறு கணினியில் கொண்டுபோய்ப் போட்டால் திறக்கும் என்று நம்பக்கூடாது. எக்ஸ்போர்ட் செய்து பிஎஸ்டியாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஆண்டுக்கு இரண்டு முறை காப்பைத் திறந்து பார்க்கிறேன். பழைய மடிக்கணினி ஒன்றை அதற்கென்றே வைத்திருக்கிறேன். திறக்கும் முன் வைஃபையை அணைத்துவிடுவேன், இது மிக முக்கியம். பழைய ஐமேப் ப்ரொஃபைலை நெட் இணைப்போடு திறந்தால் அது உடனே சர்வரோடு பேசி, சர்வரில் இல்லாதவற்றைத் தன்னிடமிருந்தும் நீக்கத் தொடங்கும். எதைக் காப்பாற்றினோமோ அது கண்ணெதிரே அழியும். எப்போதும் நகலின் நகலைத்தான் திறப்பேன். ஒவ்வோர் ஆண்டு ஃபோல்டரிலும் நான்கைந்து மெயில்களைத் திறந்து, இணைப்புகளும் திறக்கின்றனவா என்று பார்ப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை அதற்குச் சரியாக இருக்கும்.

போன முறை பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா வந்திருந்தாள். அப்பாவின் 212 மெயில்களையும் தனக்கும் கேட்டாள். அவளிடம் தண்டர்பேர்ட் இல்லை, கைபேசிதான். இம்போர்ட்எக்ஸ்போர்ட்டூல்ஸ் என்.ஜி. என்ற துணை நிரலைக் கொண்டு எல்லாவற்றையும் எச்டிஎம்எல் பக்கங்களாக, தேதி வரிசையில் அட்டவணையோடு எடுத்துக் கொடுத்தேன். தினம் இரவில் ஒன்றிரண்டு படிக்கிறாளாம். இப்போது 2009-க்கு வந்திருக்கிறாள்.