இரண்டாண்டு ஃபேஷன் முதுகலைப் பட்டம்: பெங்களூரில் பணம் கட்டும் முன் படிக்க வேண்டியது

பெங்களூரில் ஃபேஷன், ஆடை வடிவமைப்புத் துறையில் இரண்டாண்டு முதுகலைப் பட்டம் படிக்க விரும்பும் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும், முதல் தவணையைக் கட்டுவதற்கு முன்பே இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். நகரின் கிழக்குப் பகுதியில், ஒரு வணிக வளாகத்தின் மாடியில் இயங்கும் தனியார் நிறுவனம் ஒன்று, எம்.எஸ்சி. பட்டம் கிடைக்கும் என்று சொல்லி என்னைச் சேர்த்துக்கொண்டு, முதலாண்டுக் கட்டணமாக 1,85,000 ரூபாய் வாங்கியது. பட்டம் வழங்கும் உரிமை அந்த நிறுவனத்துக்கு இல்லை. பட்டம் தரப்போவதாக அவர்கள் பெயர் சொன்ன வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகத்துக்கும் அந்த நிறுவனத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது பிறகு தெரியவந்தது.

பாட்டி வீட்டில் தங்கித் திருப்பூரில் காஸ்ட்யூம் டிசைன் பிரிவில் பி.எஸ்சி. முடித்தவள் நான். அப்பா பொம்மனஹள்ளியில் ஓர் ஏற்றுமதி ஆலையில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறார். மேற்படிப்பு முடித்தால் மெர்ச்சண்டைசிங் (வாங்குபவருக்கும் ஆலைக்கும் இடையே ஆர்டரைக் கவனிக்கும்) வேலைக்கோ, கல்லூரியில் கற்பிக்கும் வேலைக்கோ போகலாம் என்பது எங்கள் எண்ணம். சேர்க்கைப் பிரிவில் எங்களிடம் பேசியவர் தமிழர். அல்சூரில் வளர்ந்தவர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, அம்மாவிடம் ஊர், உறவு எல்லாம் விசாரித்து, "நீங்க கவலையே படாதீங்கம்மா, பொண்ணு டிகிரியோடதான் வெளிய வருவா" என்றார். வெளியூரில் பிழைக்க வந்த குடும்பங்களிடம் நம் மொழியில் பேசி நம்பிக்கை பெறுவதற்கென்றே இத்தகைய நிறுவனங்கள் ஆள் வைத்திருக்கின்றன என்பதைத் தமிழ்க் குடும்பங்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

அவர்கள் கொடுத்த விளக்கக் கையேட்டின் அட்டையில் எம்.எஸ்சி. என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். பணம் கட்டியபின் கிடைத்த ரசீதிலோ, தொகையைப் பெற்றவர் என்ற இடத்தில் ஓர் அறக்கட்டளையின் பெயர் இருந்தது. விவரம் என்ற கட்டத்தில் "திறன் மேம்பாட்டுப் பயிற்சிக் கட்டணம்" என்று எழுதியிருந்தது. அடியில் பொடி எழுத்தில், கட்டிய தொகை எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது என்ற வரி. பல்கலைக்கழகத்தின் பெயரோ, படிப்பின் பெயரோ, பதிவு எண்ணோ எங்கும் இல்லை. அம்மா அங்கேயே கேட்டார். "அது ஆடிட்டர் கணக்குக்காகப் போடுறதும்மா, டிகிரி யுனிவர்சிட்டியிலிருந்துதான் வரும்" என்று பதில் வந்தது. அதோடு, சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி என் மாற்றுச் சான்றிதழையும் பட்டப்படிப்பு மதிப்பெண் பட்டியல்களையும் அசலாகவே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

வகுப்புகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பட்டம் இல்லாவிட்டாலும் தொழிலாவது கற்றுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. வரவேற்பறையில் அழகாக நிறுத்தியிருந்த டிரெஸ் ஃபார்ம்கள் எனப்படும் உடல் வடிவப் பொம்மைகளின் பாலித்தீன் உறை நாங்கள் இருந்த காலம் முழுவதும் கழற்றப்படவே இல்லை; அந்தப் பொம்மையின் மேல் துணியைப் போர்த்தி ஆடை வடிவமைக்கும் டிரேப்பிங் பாடம் காணொளியில்தான் நடந்தது. துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் இயந்திரத்துக்கு நூல் இல்லாத நாட்களே அதிகம். கணினியில் பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான அச்சு வடிவம் வரையும் மென்பொருள் சோதனைப் பதிப்பாக இருந்து, காலம் முடிந்ததும் நின்றுபோனது. ஒருநாள் வகுப்பில் வெட்டிய ரவிக்கை பேட்டர்னை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அப்பா அதை மேசையில் விரித்துப் பார்த்து, "கிரெயின் லைன் எங்கம்மா? நாட்ச் எங்க? தையலுக்கு எவ்வளவு விட்டிருக்கீங்க?" என்று கேட்டார். துணியின் நெசவு ஓட்டத்தில் பேட்டர்னை எப்படி வைப்பது என்று காட்டும் அந்தக் கோடும், இரண்டு துண்டுகளை இணைக்கும் இடத்தைக் காட்டும் அந்தக் குறியும் இல்லாத பேட்டர்னை எந்த ஆலையும் கட்டிங் மேசைக்கு அனுப்பாது. இளநிலையில் நான் முதல் ஆண்டிலேயே படித்த இவற்றை, முதுகலை என்ற பெயரில் நடந்த வகுப்பில் ஆசிரியர் குறிக்கச் சொல்லவில்லை. தொழிற்பயிற்சி என்று அனுப்பிய இடமும் ஏற்றுமதி ஆலை அல்ல. கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஒரு துணிக்கடை. அங்கே மடிப்பதும் அடுக்குவதும்தான் வேலை.

முதல் பருவத் தேர்வின் மதிப்பெண் பட்டியல் வராததால், அந்தப் பல்கலைக்கழகத்தின் பதிவாளருக்கு நானே மின்னஞ்சல் அனுப்பினேன். அந்தப் பெயரில் தங்களுக்கு இணைப்புக் கல்லூரியோ படிப்பு மையமோ கிடையாது, என் பெயர் தங்கள் சேர்க்கைப் பதிவேட்டில் இல்லை என்று எழுத்து மூலம் பதில் வந்தது. சட்டமும் அதையே சொல்கிறது. 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 22ஆம் பிரிவின்படி, நாடாளுமன்றச் சட்டத்தாலோ மாநிலச் சட்டத்தாலோ அமைந்த பல்கலைக்கழகங்களும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும், நாடாளுமன்றம் தனியே அதிகாரம் அளித்த நிறுவனங்களும் மட்டுமே பட்டம் வழங்கலாம். தனியார் பல்கலைக்கழகங்களுக்கான 2003ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, அவை பிற கல்லூரிகளை இணைத்துக்கொள்ள முடியாது. ஆகவே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் "இணைப்புக் கல்லூரி" என்று யாராவது சொன்னால், அந்தச் சொல்லைக் கேட்டதுமே எழுந்து வந்துவிடலாம். மானியக் குழுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, உரிமையின்றிப் பட்டம் தருபவர்களுக்கு விதிக்கும் அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாய்தான். லட்சக்கணக்கில் வாங்குபவர்கள் இதற்கு ஏன் அஞ்சப்போகிறார்கள் என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மாணவர் விலகினால் எந்தக் காலத்துக்குள் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதையும், அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்தவுடன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பதையும் மானியக் குழு 2018ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை தெளிவாகச் சொல்கிறது. அதன் நகலை இணைத்து நான் கடிதம் கொடுத்தபோது, தாங்கள் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் உட்பட்ட கல்லூரி அல்ல, ஆகவே அந்த அறிவிக்கை தங்களைக் கட்டுப்படுத்தாது என்று நிறுவனம் எழுத்தில் பதில் தந்தது. கல்லூரியே அல்ல என்பதை அவர்கள் ஒப்புக்கொண்ட முதல் ஆவணம் அதுதான். அதையும் பதிவாளரின் பதிலையும் சேர்த்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்த பிறகே சான்றிதழ்கள் என் கைக்கு வந்தன. பணம் வரவில்லை.

பெங்களூரில் முறையான வழிகள் இருக்கின்றன. எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் உள்ள நிஃப்ட் (தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கழகம்), 2006ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தால் பட்டம் வழங்கும் அதிகாரம் பெற்றது. அங்கே நுழைவுத் தேர்வு எழுதித்தான் இரண்டாண்டு முதுகலையில் சேர முடியும். அரசுப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி என்றால், அந்தக் கல்வியாண்டுக்கான இணைப்பு ஆணையைக் காட்டச் சொல்லி, அதில் நீங்கள் சேரும் படிப்பின் பெயரும் அனுமதிக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இணையவழிப் படிப்பு என்று சொன்னால், மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அந்தப் படிப்பை அந்த ஆண்டுக்கு அனுமதித்திருக்கிறதா என்பதை அதன் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் மானியக் குழு வெளியிடுகிறது. ஆனால் அதில் பெயர் இல்லை என்பதை மட்டும் வைத்து நம்பிவிடாதீர்கள். என் விஷயத்தில் பல்கலைக்கழகம் உண்மையானது, நடுவில் நின்ற நிறுவனம்தான் போலியாக அதன் பெயரைப் பயன்படுத்தியது. பதிவாளர் அலுவலகத்துக்கு நேரடியாக எழுதிப் பதில் வாங்குவதற்கு ஈடான வேறு சோதனை எனக்குத் தெரியவில்லை.

அந்த நிறுவனம் இப்போது வேறு பெயர்ப்பலகையுடன் அதே மாடியில் அடுத்த ஆண்டுச் சேர்க்கையை நடத்திக்கொண்டிருக்கிறது. ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் ரசீது, கையேடு, வாட்ஸாப் உரையாடல், வங்கிப் பரிமாற்ற விவரம் எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். என்னுடன் படித்த சிலரும் நானும் சேர்ந்து நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கத் தயாராகி வருகிறோம், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் புகாரைப் பதிவு செய்திருக்கிறோம்.