பழைய கணினியில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ: ஒரு மதிப்புரை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்ட நிலையில், விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினிகளுக்கு எதைப் போடுவது என்ற கேள்வி பல வீடுகளில் எழுந்துள்ளது. 4 ஜிபி ராமும் நான்காம் தலைமுறை கோர் ஐ3 செயலியும் கொண்ட எங்கள் வீட்டுக் கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் 22-ஆம் வரிசையை, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரை அமைப்பு கொண்ட பதிப்பாகப் போட்டுப் பயன்படுத்தி வருகிறேன். இந்த 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு.

பென் டிரைவிலிருந்தே இயக்கி, வைஃபை, ஒலி, பிரிண்டர் எல்லாம் ஒத்துழைக்கின்றனவா என்று பார்த்த பிறகு நிறுவலாம் என்பது இதன் பெரிய வசதி. அப்போது தெரியும் மந்தத்தை வைத்து எடை போட வேண்டாம். அது பென் டிரைவின் வேகம். நிறுவும்போது வட்டை முழுவதும் அழிக்கும் தேர்வும் திரையில் வரும் என்பதால், கோப்புகளை முன்பே வேறிடத்தில் நகலெடுத்து வைப்பது அவசியம். பழைய ஹார்ட் டிஸ்க்கை மாற்றி ஒரு சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கின் இடத்திலேயே பொருந்தும் வேகமான சேமிப்பகம்) போட்டால் கிடைக்கும் வேகத்தை எந்த இயங்குதளமும் தராது. செலவு செய்வதானால் முதலில் அதற்கே செய்யலாம்.

ஃபயர்ஃபாக்ஸும் லிப்ரே ஆஃபிஸும் உடனேயே வருகின்றன. கடிதம், கணக்குத்தாள், வங்கித் தளம், யூடியூப் ஆகியவற்றுக்கு 4 ஜிபி போதும். ஆனால் பிரவுசரில் பத்துப் பதினைந்து டேப்களைத் திறந்து வைப்பவர்களுக்குப் போதாது.

எனக்குக் குறையாகப் பட்டது தமிழ்த் தட்டச்சுதான். விசைப்பலகை அமைப்பில் தமிழ்99 என்ற தமிழ் விசை வரிசை ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் எழுத்துகள் வரும். ஆனால் ககரத்தை இருமுறை தட்டினால் தானாக 'க்க' ஆகும் தமிழ்99-இன் உயிரான வசதி வராது. ஐபஸ் என்ற தட்டச்சு உள்ளீட்டு மென்பொருள், அதற்குத் தமிழ் முதலிய மொழிகளின் விசை வரிசைகளைத் தரும் ஐபஸ்-எம்17என் ஆகிய இரண்டையும் நிறுவி, உள்ளீட்டு முறையாக ஐபஸைத் தேர்ந்து, ஒருமுறை வெளியேறி உள்நுழைந்தபின் அதன் பட்டியலில் தமிழ்99-ஐச் சேர்த்தால்தான் அது சரியாக வேலை செய்யும். புதியவர் இதைத் தாமாகக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

டேலியில் கணக்கு எழுதுபவர்களும் விண்டோஸுக்கு மட்டுமே டிரைவர் உள்ள பிரிண்டர் வைத்திருப்பவர்களும் விண்டோஸை அழிக்காமல் இதைப் பக்கத்தில் நிறுவிக்கொள்ளலாம்.