பைபிள் கால பொருட்கள் செட்: விளக்குக்காகவே வாங்கலாம்

சண்டே ஸ்கூல் பிள்ளைங்களுக்கு காட்டலாம்னு நாகர்கோவில்ல ஒரு கிறிஸ்தவ புக் ஸ்டால்ல இந்த செட்ட வாங்கினேன், விலை 1,450 ரூபா. மண் விளக்கு, குட்டி திரிகை, தண்ணி, திராட்சரசம் ஊத்தி வைக்கிற தோல் துருத்தி, கவண், ஒரு துண்டு வலை, கூட ஒவ்வொண்ணுக்கும் ஆவிக்குரிய அர்த்தம் போட்ட ஒரு சின்ன புக்.

விளக்கு ரொம்ப கொள்ளாம். நம்ம அகல் மாதிரி திறந்து கிடக்காது, உள்ளங்கைக்குள்ள அடங்குற உருண்டை உடம்பு, மேல எண்ணெய் ஊத்த ஓட்டை, முன்னாடி திரி வைக்க மூக்கு. ஏரோது காலத்துல யூதேயாவுல புழங்கின விளக்கு இந்த வடிவம்தான், உடம்ப சக்கரத்துல வனைஞ்சுட்டு மூக்க தனியா கையால செஞ்சு ஒட்டுவாங்க, இதுலயும் அந்த ஒட்டு தெரியுது. அங்க ஒலிவ எண்ணெய், நான் தேங்காயெண்ணெய் ஊத்தி ரூம் லைட்ட ஆஃப் பண்ணிட்டு கொளுத்தினேன். கொஞ்சந்தான் பிடிக்கும், கிளாஸ் முடியுறதுக்குள்ள எண்ணெய் இறங்கி திரி கருகி புகைய ஆரம்பிச்சுது, ஒரு பையன் ஊதி அணைக்க வந்தான், இரு மக்களேன்னு சொல்லி எண்ணெய் விட்டேன், திரும்ப நின்னு எரிஞ்சுது. உடனே ஏசாயா 42:3 எடுத்து வாசிச்சோம், "மங்கியெரிகிற திரியை அணையாமலும்"னு வர்ற இடத்துல அந்த பையன் விளக்கையே பாத்துட்டு இருந்தான். மத்தேயு 25ல புத்தியுள்ள கன்னிகைங்க பாத்திரத்துல தனியா எண்ணெய் கொண்டு போனது ஏன்னு அதுக்கப்புறம் நான் விளக்க வேண்டியே வரல.

திரிகைதான் வருத்தம். பிளாஸ்டர்ல செஞ்சு கல் கலர் அடிச்சிருக்காங்க, சுத்தவும் செய்யாது. திரிகைக் கல்ல அடகு வாங்காத, அது ஜீவனையே அடகு வாங்குற மாதிரின்னு உபாகமம் 24:6 சொல்லுது, அன்னன்னைக்கு மாவு அரைச்சாதான் அப்பம், கல்லு போனா வீடு பட்டினி. அந்த கனம் பிள்ளைங்க கையில தெரியணும்ல? மயிலாடில கல் கொத்துற அத்தனை பேர் இருக்கும்போது பிளாஸ்டர் எதுக்கு.

வலையிலயும் ஒரு குழப்பம். பெட்டில இருக்கது ஓரத்துல குண்டு கட்டின வீச்சுவலை, புக்ல அதுக்கு போட்டிருக்க வசனம் மத்தேயு 13:47, அது நம்ம கரமடி மாதிரி கரைக்கு இழுக்கிற வலை. எல்லா மீனும் உள்ள வரும், கரையில உக்காந்துதான் பிரிப்பாங்க, கடைசியில நல்லவங்களையும் கெட்டவங்களையும் பிரிக்கிற உவமையே அதுலதான் இருக்கு. கடற்கரை பிள்ளைங்க இத உடனே கண்டுபிடிச்சு சொல்லிட்டாங்க. துருத்தி, கவண் ரெண்டும் பரவாயில்ல.

புக்க நான் கிளாஸ்ல யூஸ் பண்றதில்ல. விளக்கு மூக்குக்கு ஒரு அர்த்தம், கைப்பிடிக்கு ஒரு அர்த்தம்னு வசனத்துல இல்லாததெல்லாம் போட்டிருக்காங்க, பொருள காட்டிட்டு வசனத்த வாசிச்சாலே போதும்.

முழு செட் வேண்டாம்னா விளக்கு மட்டும் 180 ரூபாக்கு தனியா தாறாங்க. கடையிலயே தண்ணி ஊத்தி மூக்கு ஒட்டுல கசியுதான்னு பாத்து வாங்குங்க, எனக்கு முதல்ல தந்தது கசிஞ்சுது, ஒண்ணும் சொல்லாம மாத்தி தந்தாங்க. விபிஎஸ்க்கு (பள்ளிக்கூட லீவுல சர்ச்ல பிள்ளைங்களுக்கு நடத்துற பைபிள் கிளாஸ்) வேணும்னா ஏப்ரல்லயே சொல்லி வைங்க.