ஓதமேறும் சுவருக்கு எது பொருந்தும்: சுண்ணாம்பா, டிஸ்டம்பரா, எமல்ஷனா?

காவிரிப் படுகையில் வீட்டின் உட்சுவர்களுக்குப் புதுப்பூச்சு அடிக்கும் வேலை பெரும்பாலும் மார்கழிக் கடைசியில், போகிக்குள் முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தோடுதான் நடக்கிறது. அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை பெய்து, வீட்டைச் சுற்றிச் சம்பா வயல்களில் தண்ணீர் நிற்க, சுவர்கள் ஓதத்தோடு இருப்பதும் அதே நாட்களில்தான். ஆகவே எந்தப் பூச்சு என்ற தேர்வை நிற அட்டையிலிருந்து தொடங்காமல், இந்த ஓதத்திலிருந்து தொடங்குவதே முறை என்று கருதுகிறேன்.

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்து முற்றம் வைத்த பழைய வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டப்பட்டவை. ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு அவற்றின் அடித்தளத்தில் பெரும்பாலும் இருக்காது. நிலத்து நீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறிச் சுவரின் முகப்பில் ஆவியாக, கூடவே வந்த உப்பு அங்கேயே தங்கிப் பூக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு இந்த ஆவியை மறிப்பதில்லை. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் சுண்ணாம்புக்கல்லாக இறுகுகிறது. அதற்குச் சிறிது ஈரமும் தேவை என்பதால்தான் பூசுவதற்கு முன் சுவரில் தண்ணீர் தெளிக்கிறார்கள். அதன் கடுமையான காரத்தன்மையால் புதிய பூச்சில் பூஞ்சையும் எளிதில் பிடிப்பதில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கம் மழைக்காலத்தின் முடிவோடு ஒத்துப்போனது இந்தப் பூச்சின் குணத்தால்தான். வழக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு பூச்சை மட்டும் மாற்றியபோதுதான் சிக்கல் வந்தது.

சுண்ணாம்பின் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. சாய்ந்து உட்கார்ந்தவரின் முதுகில் அது ஒட்டும். வஜ்ஜிரம் என்ற பசையைக் காய்ச்சிக் கலந்தால் குறையுமே தவிர நிற்காது. ஈரத்துணியால் துடைக்க இயலாது. ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையோ மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். கண்ணில் தெறித்தால் பெருங்கேடு என்பதால், நீற்றும்போது குழந்தைகளை அருகில் விடக் கூடாது.

டிஸ்டம்பரைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. சுண்ணாம்பைவிட வழவழப்பாக இருக்கும், எமல்ஷனைவிட விலை குறைவு. ஆனால் ஓதத்தில் மாவாக உதிரும், தேய்த்துக் கழுவினால் கரையும். வாடகைக்கு விடும் அறைக்கு அது போதும்.

எமல்ஷனின் பலம் அதன் அக்ரிலிக் படலம். நல்ல ரகத்தில் எண்ணெய்ப் பிசுக்கையும் பிள்ளைகளின் கிறுக்கலையும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். வேண்டிய நிறம் கிடைக்கும். ஓதமுள்ள சுவரில் அந்தப் படலமே பகையாகிறது. உள்ளிருந்து வரும் ஈரம் வெளியேற வழியின்றித் தேங்க, உப்பு அடியிலிருந்து தள்ள, பூச்சு கொப்புளித்து, அடியில் சுவரைச் சமப்படுத்தப் பூசிய பட்டியோடு சேர்ந்து ஏடு ஏடாகப் பெயர்கிறது. இதை மறைக்கக் கீழே மூன்று அடிக்கு டைல் ஒட்டுபவர்களும் உண்டு; ஓதம் டைலுக்கு மேலே ஏறி அங்கே பூக்கும், அவ்வளவுதான்.

மற்றொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். சுண்ணாம்புச் சுவரை நன்றாகச் சுரண்டி, ப்ரைமர் அடித்த பின்பே எமல்ஷன் பிடிக்கும். எமல்ஷன் அடித்த சுவரிலோ சுண்ணாம்பு பிடிக்கவே பிடிக்காது. ஆகவே பழைய சுவரில் முதல்முறை எமல்ஷன் அடிப்பது எளிதில் திரும்ப முடியாத முடிவு. சுரண்டும் சுவரில் பழைய எனாமல் பட்டை இருந்தால் உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேய்ப்பது நல்லது. பழைய எனாமலின் தூசியில் நச்சான ஈயம் இருக்கக்கூடும்; வீட்டுப் பெயிண்ட்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற உச்சவரம்பு இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

என் தேர்வு இது: காரைச் சுவருள்ள கூடத்துக்கும் ரேழிக்கும் சுண்ணாம்பு, பின்கட்டில் சிமெண்டால் எழுப்பிய சமையலறைக்கும் மாடி அறைக்கும் எமல்ஷன். ஒரே வீட்டில் இரண்டு பூச்சா என்று பெயிண்டர் சலித்துக்கொள்ளக்கூடும். சுண்ணாம்பை மார்கழியிலேயே அடித்துவிடலாம். எமல்ஷனைப் பங்குனி வரை தள்ளிப்போட வேண்டும். அப்போதும் ஓர் அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி, ஒரு நாள் கழித்து உரித்துப் பார்க்க வேண்டும். தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் டப்பாவைத் திறக்க இன்னும் நாளாகவில்லை.